‘ஃபியூ டவுட்ஸ்’ என்று எழுதிய நாள்

கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் டிராயிங் பிரிவில் நான் சேர்ந்திருந்த புதிதில், இங்கிலாந்திலிருந்த ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர்கள் கொடுத்திருந்த டிராயிங்கில் எனக்கு மூன்று ஐயங்கள் இருந்தன. ஃபிளாஞ்சில், அதாவது குழாயோடு இணைக்கும் விளிம்பில், எத்தனை துளைகள் என்பது ஒன்று. ஓரிடத்தில் சுவரின் கனம் எவ்வளவு என்பது இன்னொன்று. ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு அளவுகளில் எது சரி என்பது மூன்றாவது. மறுநாள் விரிவாக எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில், முன்கூட்டியே தெரிவித்துவைப்பதற்காக ‘ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ் அபவுட் தி டிராயிங்’ என்ற ஒற்றை வரியை மட்டும் எழுதி, மேலாளருக்கும் ஒரு நகலைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் வந்து பார்த்தால், மிக்க மகிழ்ச்சி, அப்படியானால் வேலையைத் தொடங்கிவிடலாம் என்று பதில் வந்திருந்தது. அதைப் பார்த்த மேலாளர் எனக்கு முன்பே வந்து பேட்டர்ன் எனப்படும் வார்ப்பு மாதிரியைச் செய்வதற்கு ஆர்டரும் கொடுத்துவிட்டிருந்தார். என் மூன்று ஐயங்களும் தீர்வதற்குள் பேட்டர்ன் தயாராகி, உலோகத்தை உருக்கி முதல் காஸ்டிங்கும் ஊற்றப்பட்டு, துளைகளின் கணக்கு தவறாகிப்போய், அந்தக் காஸ்டிங் உலைக்கே திரும்பிச் சென்றது. வாடிக்கையாளரிடம் கேட்டபோது அவர் சற்றுக் குழப்பத்தோடு, உங்களுக்கு ஐயம் ஏதும் பெரிதாக இல்லை என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள் என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. நான் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

ஆங்கிலத்தில் ‘ஃபியூ’ என்பதும் ‘எ ஃபியூ’ என்பதும் ஏறக்குறைய எதிர்த் திசைகளைப் பார்த்து நிற்கும் சொற்கள். ‘எ ஃபியூ டவுட்ஸ்’ என்றால் சில ஐயங்கள் இருக்கின்றன, கேட்டுத் தெளிய வேண்டும் என்று பொருள். முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்தை எடுத்துவிட்டால், ஐயம் என்று சொல்லிக்கொள்ளும்படி அதிகம் இல்லை என்று பொருள் மாறிவிடும். முதலாவது, இருப்பதைச் சொல்கிறது. இரண்டாவது, இல்லாமையை நோக்கிச் சாய்கிறது. பத்துப் பேரை அழைத்து நான்கு பேர் வந்திருந்தால், இரண்டில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எண்ணிக்கை ஒன்றுதான். அதைச் சொல்கிறவருக்கு அது போதுமானதாகப் பட்டதா, ஏமாற்றமாக இருந்ததா என்பதைத்தான் அந்த ஒற்றை எழுத்து காட்டிக்கொடுக்கிறது.

தமிழர்களாகிய நாம் ஏன் இவ்வளவு பேர் இந்த இடத்தில் தவறுகிறோம் என்பதை அந்த நாளுக்குப் பிறகு நெடுநாள் யோசித்திருக்கிறேன். தமிழிலும் ‘சில’ என்றும் ‘ஒரு சில’ என்றும் இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ‘எ’ என்றால் ஒரு, ‘ஃபியூ’ என்றால் சில என்று ஒட்டிப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் தமிழில் ‘ஒரு’ என்பதை எடுத்துவிட்டாலும் ‘சில’ என்ற சொல்லில் குறைவு என்ற சாயல் ஏறுவதில்லை. ‘சில ஐயங்கள் உள்ளன’ என்பதற்கும் ‘ஒரு சில ஐயங்கள் உள்ளன’ என்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு கிடையாது. இருந்தாலும், ‘ஒரு சில’ என்பதுதான் இன்னும் கொஞ்சம் குறைவாக ஒலிக்கும். எனவே முன்னாலிருக்கும் ‘எ’ நம் காதுக்கு வெறும் அலங்காரமாகப் படுகிறது, விட்டுவிடுகிறோம்.

அதற்காகத் தமிழில் இந்த வேறுபாட்டைச் சொல்ல வழி இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நாம் அதை முன்னால் வைக்காமல் பின்னால் ஓர் ஏகாரமாக ஒட்டுகிறோம். ‘சிலர் வந்தார்கள்’ என்பது ‘எ ஃபியூ’. ‘சிலரே வந்தார்கள்’ என்பது ‘ஃபியூ’. எட்டாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இதை இப்படிச் சொல்லிக்கொடுத்த பிறகு அவள் ஒரு முறைகூடத் தவறவில்லை. ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான் என்பதால் அதற்குத் தனியாக ஒரு மாலையைச் செலவிட வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் பால் இருக்கிறது என்றால் காபி போடலாம். கொஞ்சமே இருக்கிறது என்றால் யாரையாவது கடைக்கு அனுப்ப வேண்டும்.

இந்தப் பெண் ஒரு வருடமாக மாலை நேரங்களில் ஆங்கிலப் பயிற்சி நோட்டோடு வருகிறாள். க்வான்டிஃபையர் எனப்படும் அளவுச்சொற்களையும், இன்டெஃபினிட் ப்ரொனவுன் எனப்படும், ஆளையோ பொருளையோ குறிப்பாகச் சுட்டாமல் பொதுவில் நிற்கும் பிரதிப்பெயர்களையும் நான் மறுபடி படித்தது அவளால்தான். ‘மெனி’, ‘மச்’ இரண்டையும் விளக்க நான் எடுத்துக்கொண்ட கருவி நம்முடைய ‘எத்தனை’யும் ‘எவ்வளவு’ம் ஆகும். எத்தனை பால் என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் கேட்காது. எத்தனை என்று கேட்க முடிந்தால் ‘மெனி’, முடியாவிட்டால் ‘மச்’ என்று சொன்னேன். இந்தச் சோதனையை எத்தனை என்ற சொல்லை வைத்துத்தான் செய்ய வேண்டும். பேச்சில் நாம் ‘எவ்வளவு பேர் வந்தார்கள்’ என்றும் கேட்பதால், எவ்வளவை வைத்துச் சோதித்தால் கவிழ்ந்துவிடும்.

ஒரு வாரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு அவள் ‘மெனி இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். எத்தனை தகவல்கள் என்று கேட்கலாம்தானே என்றாள். கேட்கலாம். தகவல், அறிவுரை, வீட்டுப்பாடம், பயணப் பெட்டிகள், நாற்காலி மேசைகள் எல்லாவற்றையும் தமிழ் ஒன்று இரண்டு என எண்ணும். ஆங்கிலம் அவற்றைத் தண்ணீரைப் போலவும் மணலைப் போலவும் எண்ண முடியாத திரளாகப் பார்க்கிறது. நம் ஊர்க் கடைத்தெருக்களில் ‘பர்னிச்சர்ஸ்’ என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருப்பதற்கும் இதுதான் காரணம். கடைக்குள் இருபது கட்டில்கள் கண்ணெதிரே கிடக்கும்போது ஒருமையில் எழுத யாருக்கும் கை வராது. இந்தப் பத்துப் பன்னிரண்டு சொற்களை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

இதற்கு நேர்மாறான பிழை ஒன்றும் உண்டு. ‘மெனி புக்’ என்று பன்மை இல்லாமல் எழுதுவது. பத்து மாடு, மூன்று புத்தகம், நாலு வீடு என்று அஃறிணைப் பெயரை ஒருமையிலேயே வைத்துக்கொண்டு எண்ணால் பன்மையைக் காட்டுவது தமிழுக்கு இயல்பு. நம் இலக்கணம் இவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்றே வகுத்துவைத்திருக்கிறது. அளவுச்சொல்லே பன்மையைச் சொல்லிவிட்ட பிறகு பெயரிலும் ஏன் இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்ற புகழ்பெற்ற பிழையின் வேர் மட்டும் எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஏனெனில் ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று எழுத்துத் தமிழிலும் பன்மைதான் வருகிறது. ஒரு நாள் பேருந்தில் பின்னிருக்கையில் ஒருவர் கைப்பேசியில் ‘என் ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான்’ என்று பேசுவதைக் கேட்டபோது விடை கிடைத்தது. நாம் ஆங்கிலத்துக்குப் போகும்போது எழுத்துத் தமிழிலிருந்து கிளம்புவதில்லை, பேச்சிலிருந்து கிளம்புகிறோம். பேச்சில் நண்பர் ஒருமையிலேயே இருக்கிறார், ‘ஒருத்தன்’ பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது.

இப்போது இந்தப் பதிவை எழுதத் தூண்டிய வாக்கியத்துக்கு வருகிறேன். தன் பிறந்த நாளைப் பற்றிப் பத்து வரிகள் எழுதச் சொன்னதற்கு, நான்காவது வரியில் அவள் ‘எனிபடி டிட் நாட் கம்’ என்று எழுதியிருந்தாள். மழை பெய்ததால் அன்று யாரும் வரவில்லையாம். நான் அதை அடித்ததும் அவள் தன் இலக்கணப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். உடன்பாட்டு வாக்கியத்தில் ‘சம்’, எதிர்மறையிலும் கேள்வியிலும் ‘எனி’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அவளுடைய வாக்கியம் எதிர்மறை, எனவே ‘எனி’. விதிப்படி அவள் செய்தது முற்றிலும் சரி. பிழை அந்தக் கட்டத்துக்குள் இருந்தது.

அந்த விதியைப் பாதி விதி என்றுதான் சொல்ல வேண்டும். ‘எனி’ என்ற சொல், ‘எனிபடி’, ‘எனிதிங்’ முதலிய தன் குடும்பத்தோடு சேர்த்து, எதிர்மறைப் பொருளில் வரும்போது தனக்கு முன்னால் ஒரு நிழலை எதிர்பார்க்கிறது. ‘நாட்’, ‘வித்தவுட்’, ‘ஹார்ட்லி’ போன்ற ஏதாவது ஒன்று அதற்கு முன்பே வாக்கியத்தில் வந்திருக்க வேண்டும். ‘ஐ டிட் நாட் சீ எனிபடி’ என்ற வாக்கியத்தில் ‘நாட்’ முன்னால் வந்துவிட்டது, எனவே சரி. எழுவாயாக ‘எனிபடி’யே முதலில் வந்து நின்றால், அதற்கு முன்னால் நிழல் தர எதுவும் இல்லை. பின்னால் வரும் ‘நாட்’ திரும்பிப் பார்த்து அதைக் காப்பாற்றுவதில்லை. அந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு ஒரே வழி, எதிர்மறையை வினையிலிருந்து பிடுங்கி எழுவாய்க்குள்ளேயே வைத்து ‘நோபடி கேம்’ என்று சொல்வது.

தமிழ் மனத்துக்கு இது விசித்திரமாக இருப்பதில் வியப்பில்லை. நம் மொழியில் எதிர்மறை குடியிருக்கும் இடம் வாக்கியத்தின் கடைசி. யாரும் வரவில்லை, எதுவும் கிடைக்காது, ஒருவரும் கேட்கமாட்டார், எங்கும் போகாதே என்று எதைச் சொன்னாலும் எழுவாயோ செயப்படுபொருளோ எதிர்மறையை ஏற்பதில்லை. கடைசியில் வரும் வினை அவ்வளவையும் பின்னோக்கி ஆள்கிறது. ‘யாரும்’ என்ற சொல்லுக்குத் தனியாகப் பொருள் கேட்டால் இல்லாமை அதில் கிடையாது. ‘யாரும் வரலாம்’ என்றால் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ‘யாரும் வரக் கூடாது’ என்றால் கதவு எல்லோருக்கும் மூடியிருக்கிறது. கேட்பவர் கடைசிச் சொல் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆங்கிலம் முதல் சொல்லிலேயே கதவைச் சாத்திவிடுகிறது. ‘நோபடி’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘இல்லாத ஆள்’ என்றுதான் வரும். இல்லாத ஆள் வந்தான் என்று சொல்லி, ஒருவரும் வரவில்லை என்று புரிந்துகொள்ளச் சொல்கிறது அந்த மொழி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘யாரும் வரலாம்’, ‘யாரும் வரவில்லை’ என்ற இரண்டு வேலைகளையும் ‘எனிபடி’யும் அப்படியே செய்கிறது. ‘எனிபடி கேன் கம்’ என்றால் யாரும் வரலாம். அதாவது, சொல்லின் குணத்தில் ‘யாரும்’ என்பதற்கு மிக நெருங்கிய உறவு ‘எனிபடி’தான், எழுவாயாக நிற்கும் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் வரிசை காலை வாரிவிடுகிறது. தமிழைப் போலவே வினை கடைசியில் வரும் ஜப்பானிய மொழியில் இந்தத் தொல்லையே இல்லை. ‘தாரே’ என்றால் யார், ‘மோ’ என்றால் உம். ‘தாரேமோ’ என்று தொடங்கி வினையின் கடைசியில் எதிர்மறையை வைத்தால், சொல்லுக்குச் சொல் ‘யாரும் வரவில்லை’ என்பதுதான். சமஸ்கிருதத்தின் ‘கோபி’யும் ‘கஹ’ என்ற யார் என்னும் சொல்லோடு ‘அபி’ என்ற உம் சேர்ந்ததே. கேள்விச்சொல்லோடு ஓர் ஒட்டைச் சேர்த்து இந்தப் பெயர்களை உண்டாக்குவது உலக மொழிகளில் மிகப் பரவலான வழி. ஆங்கிலமோ ‘பாடி’, ‘ஒன்’, ‘திங்’ என்று உடலையும் எண்ணையும் பொருளையும் கொண்டுவந்து ஒட்டுகிறது. ‘சம்வேர்’ போன்ற ஒன்றிரண்டு சொற்களில் மட்டும் கேள்விச்சொல் எட்டிப்பார்க்கிறது.

கேள்விச்சொல்லை வைத்துக் கட்டியதில் தமிழுக்குக் கிடைத்த ஒரு செல்வம் ஆங்கிலத்தில் இல்லை. யாரோ, யாராவது என்ற இரண்டையும் ஆங்கிலம் ‘சம்படி’ என்ற ஒரே சொல்லால் சமாளிக்கிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ‘யாரோ வந்திருக்கிறார்கள்’ என்கிறோம். ஆள் இருப்பது உறுதி, இன்னார் என்பதுதான் தெரியாது. ‘யாராவது போய்ப் பாருங்கள்’ என்னும்போது எந்த ஆளும் மனத்தில் இல்லை, போகிறவர் எவராக இருந்தாலும் சரி. ஒருவர் கூட்டத்தில் கழுத்தை நீட்டி நிற்கும்போது ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் சம்படி’ என்று சொன்னால், அவர் குறிப்பிட்ட ஒரு நண்பரைத் தேடுகிறாரா, பெட்டியைத் தூக்க ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று தேடுகிறாரா என்பதை அந்த வாக்கியம் சொல்லாது. தமிழில் ‘யாரையோ தேடுகிறேன்’, ‘யாராவது கிடைப்பார்களா என்று பார்க்கிறேன்’ என்று வாயைத் திறக்கும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவோம். மொழிபெயர்ப்புகளில் யாரோ வர வேண்டிய இடத்தில் யாராவது வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், மூலத்தில் இருந்த ‘சம்படி’ கண்முன் வந்து நிற்கிறது.

‘எவ்ரிபடி’யின் சிக்கல் வேறு வகை. எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று பன்மையில் சொல்லிப் பழகியவர் ‘எவ்ரிபடி ஹேவ் கம்’ என்று எழுதுவது இயற்கை. ஆங்கிலம் அங்கே ‘ஹேஸ்’ என்று ஒருமையைக் கேட்கிறது. ஏனெனில் ‘எவ்ரி’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ‘எவர்’, ‘ஈச்’ ஆகியவற்றின் மூதாதைகள் ஒட்டிப் பிறந்தது. அதற்குள் ‘ஒவ்வொன்றும்’ என்ற பார்வை புதைந்திருக்கிறது. நம்முடைய ஒவ்வொன்றும்கூட ஒன்று என்பதை இரட்டித்ததுதான். எல்லோரையும் மொத்தமாகப் பார்க்காமல், வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராகப் பார்க்கிறது என்று சொன்னால் மாணவர்களுக்குப் புரிகிறது. ஆனால் அதே ஆங்கிலம், ‘எவ்ரிபடி ஹேஸ் கம்’ என்று ஒருமையில் சொன்ன கையோடு, அப்படித்தானே என்று கேட்கும் வாலில் ‘ஹேவ்ன்ட் தே’ என்று பன்மைக்குத் தாவிவிடும். இதைக் கேட்டு அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்த ‘தே’யைப் பற்றி ஆங்கிலேயர்கள் நெடுங்காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைப் பன்மைச் சொல்லால் குறிப்பது 14ஆம் நூற்றாண்டிலேயே அவர்களிடம் வழக்கில் இருந்தது. பிற்கால இலக்கணக்காரர்கள் அதைக் கண்டித்து ‘ஹீ’ என்று எழுதச் சொன்னார்கள். ஆண்பாற் சொற்கள் பெண்பாலையும் உள்ளடக்கும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1850இல் சட்டமே இயற்றியது. நமக்கு இந்தச் சண்டை வேண்டியிருக்கவில்லை. ‘ஒருவர்’ என்ற பெயர் ஆண் பெண் இருபாலுக்கும் உரியது என்றும், அது பன்மை முடிபை ஏற்கும் என்றும் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் பெயரியலிலேயே சொல்லிவிட்டது. ஒருவர் வந்தார், அவர் தம் குடையை மறந்துவிட்டார் என்று நாம் தயக்கமின்றிச் சொல்கிறோம். ஆங்கிலத்தின் ஒருமை ‘தே’ நம் ஒருவர்தான் என்று சொன்னால் தமிழ் மாணவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்ற பழமொழியைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால், மின்னுகிற எதுவுமே பொன் இல்லை என்றாகிவிடும். அப்படியானால் பொன் மின்னாது என்றல்லவா பொருள்? ஆனால் எவரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை. பழமொழியில் சரி, சுற்றறிக்கையில் இது ஆபத்து. கட்டணத்தைப் பற்றி ஒரு பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கையில் ‘ஆல் தி ஸ்டூடன்ட்ஸ் ஹேவ் நாட் பெய்ட்’ என்று இருந்ததைப் பார்த்து, கட்டணத்தை முதல் வாரமே கட்டிவிட்ட ஒரு தந்தை ரசீதோடு அலுவலகத்துக்கு ஓடினார். சிலர் கட்டவில்லை என்பதைத்தான் அவர்கள் சொல்ல வந்தார்கள். ‘நாட்’ என்பதைத் தூக்கி ‘ஆல்’ என்பதற்கு முன்னால் வைத்திருந்தால் அவருக்கு அரை நாள் விடுப்பு மிஞ்சியிருக்கும். இங்கும் எதிர்மறை எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

‘நோபடி’யைப் பற்றி இவ்வளவும் விளக்கிய மறுநாள் மாலை, அவள் பிறந்த நாள் கட்டுரையைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். நான்காவது வரியில் இப்போது ‘நோபடி டிட் நாட் கம்’ என்று இருந்தது. எழுவாய்க்கு எதிர்மறையைக் கொடுத்துவிட்டாள். வினையிடமிருந்து அதைப் பறிக்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு, வராதவர் ஒருவர்கூட இல்லை என்று பொருளாகிவிடும். மழையில் எல்லோரும் வந்து குவிந்ததாக ஆகிவிடும். 14ஆம் நூற்றாண்டில் லண்டனில் பிறந்திருந்தால் இப்படி இரண்டு எதிர்மறைகளை அடுக்கியதற்காக அவளை யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள், ஏனெனில் அன்றைய ஆங்கிலத்தில் அது சாதாரண வழக்கு. அதை அவளிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவளுக்குத் தேர்வு இருந்தது.